கடேற்றா, சாரணரா, முதலுதவிப் படையா: பிள்ளையை எதில் சேர்ப்பது?

போன மாதம் எங்கள் மட்டக்களப்பு மாவட்டத்து மண்டூரிலிருந்து தங்கச்சி அழைத்தாள். மகள் ஒன்பதாம் வகுப்பு. பாடசாலையில் கடேற் படைக்கு, அதாவது படைப் பயிற்சி தரும் மாணவர் படைக்கு, பெயர் பதிகிறார்களாம், பிள்ளை கையைத் தூக்கிவிட்டு வந்துவிட்டாள், வீட்டில் அம்மம்மா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. "அந்த உடுப்போட என்ட கண்ணுக்கு முன்னால வரப்படாது" என்று ஒரே பிடி. அதே கிழமை ஏறாவூரிலிருந்து ஒரு தகப்பன் கேட்டார், பிறகு கல்லடியில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். மூவருக்கும் ஒரே கேள்விதான்: படிப்போடு சேர்த்து தலைமைத்துவம், ஒழுங்கு, நாலு பேரோடு பழகும் பழக்கம் வர வேண்டும், அதற்குக் கடேற் நல்லதா, சாரணர் நல்லதா, வேறு ஏதும் இருக்கிறதா?

ஒவ்வொருவருக்கும் போனில் பாதி பாதியாகச் சொன்னதை இங்கே முழுதாக எழுதுகிறேன். நான் படிப்பித்த காலத்தில் பதினொரு வருடம் சாரணர் குழுவுக்குப் பொறுப்பாக இருந்தவன். என் மகன் கடேற்றில் இருந்தான். மனைவியின் தம்பி மகள் முதலுதவிப் படையில் இருந்தாள். ஆகவே மூன்றையும் கிட்ட நின்று பார்த்திருக்கிறேன். சாரணியத்தின் மேல் எனக்குப் பாசம் கொஞ்சம் கூட, அதையும் மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

## எதை வைத்துப் பார்ப்பது

முதலாவது, பொறுப்பு உண்மையாகவே பிள்ளையின் கையில் வருகிறதா என்பது. தலைமைத்துவம் என்று எல்லாப் பாடசாலையும் சுவரில் எழுதி வைத்திருக்கிறது. ஆனால் ஒரு பிள்ளை பிழையாக முடிவெடுத்தால் இன்னும் ஆறு பேர் பசியோடு படுப்பார்கள் என்ற நிலை வந்தால்தான் அது பழகும். என்னைக் கேட்டால் மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

இரண்டாவது, குடிமை. ஓ.எல்.லில் (சாதாரண தரத்தில்) குடியியல் பாடம் எடுத்து ஏ சித்தி பெற்ற பிள்ளை, காத்தான்குடிப் பிள்ளையோடும் அம்பாறைச் சிங்களப் பிள்ளையோடும் ஒரு பாயில் இருந்து சாப்பிட்டதே இல்லை என்றால் அந்தப் பாடம் பாதிதான். சொல்வதைக் கேட்டு நடக்கவும் வேண்டும், நியாயமில்லை என்றால் எழுந்து கேட்கவும் வேண்டும். இந்த இரண்டும் ஒரே இடத்தில் கிடைப்பது கஷ்டம்.

அப்புறம் நேரம், காசு, போக்குவரத்து. ரியூசன் இல்லாத பின்னேரம் எந்தப் பிள்ளைக்கு இருக்கிறது? வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பிள்ளை என்றால் கடைசி பஸ்ஸையும் கணக்கில் எடுக்க வேண்டும். என் மருமகள் பின்னேரம் குருமண்வெளித் துறையில் பாதையை (வாவியைக் கடக்கும் மிதவையை) தவறவிட்டால் மண்டூர் வீட்டுக்குச் சுற்றித்தான் போக வேண்டும். பயிற்சி ஐந்து மணிக்கு முடியும் என்று பாடசாலை சொல்வது ஒன்று, பிள்ளை வீடு வந்து சேரும் நேரம் இன்னொன்று.

கடைசியாக வீட்டாரின் மனம். மற்ற மாவட்டத்துக்காரர் இதை ஒரு அளவுகோலாக எடுக்க மாட்டார்கள், எங்களுக்கு அது முடியாது.

## கடேற் படை

இலங்கையில் இது 1881-ல் கொழும்பு ரோயல் கல்லூரியில் தொடங்கியது. இன்று தேசிய மாணவர் படையணி என்ற பெயரில் பாதுகாப்பு அமைச்சின் கீழ் இருக்கிறது, பிரதான பயிற்சி நிலையம் ரன்தம்பேயில். அணிநடை, உடற்பயிற்சி, வரைபடம் வாசித்தல், முதலுதவி எல்லாம் பழக்குவார்கள். மேற்பிரிவில் துப்பாக்கியைக் கையாள்வதும் பயிற்சியில் சேரும். பாடசாலையில் பொறுப்பாக நிற்பவர் வெளியிலிருந்து வந்த சிப்பாய் இல்லை, அதே கணித சேர் அல்லது விஞ்ஞான மிஸ்தான், அவர்களுக்குப் படையணியில் அதிகாரி நிலை கொடுத்திருப்பார்கள். அமெரிக்காவில் 1916-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றோடு உயர்நிலைப் பாடசாலைகளில் வந்த ஜே.ஆர்.ஓ.டி.சி. என்ற மாணவர் படைத் திட்டமும் இதே சாதிதான். இளையவர்களை நல்ல குடிமக்களாக ஆக ஊக்குவிப்பதுதான் நோக்கம் என்று அவர்களும் சொல்வார்கள், அங்கே பெரும்பாலும் ஓய்வு பெற்ற படையினர்தான் வகுப்பெடுப்பார்கள்.

எல்லாப் பெற்றோரும் முதலில் கேட்பதற்குப் பதில்: கடேற்றில் சேர்ந்த பிள்ளை பிறகு ஆமிக்குப் போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. விரும்பிச் சேர்வது, விரும்பாவிட்டால் விலகுவது.

என்ன கிடைக்கும்? என் மகனை வைத்துச் சொல்கிறேன். சாப்பிட்ட கோப்பையைக் கழுவ நாலு தரம் கூப்பிட வேண்டிய பிள்ளை அவன். கடேற்றில் சேர்ந்த மூன்றாம் மாதம் ஒரு இரவு பத்து மணிக்கு விறாந்தையில் தனியாக இருந்து சப்பாத்துக்குப் பொலிஷ் போட்டுக்கொண்டிருந்தான். விரலில் பஞ்சைச் சுற்றி, கிவியில் தொட்டு, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, சப்பாத்தின் மூக்கில் சின்னச் சின்ன வட்டமாக. அரை மணித்தியாலம் கழித்து பல்ப் வெளிச்சம் அதில் தெரிந்தது. பக்கத்தில் இன்னொரு சோடி. யாருடையது என்று கேட்டேன், அவனுடைய பிரிவில் இருந்த ஒரு பையனுடையது. அவனுக்கு வீட்டில் பொலிஷ் வாங்க வசதியில்லை, நாளைக்குப் பரிசோதனை, அவன் பேச்சு வாங்கினால் கோப்ரலாகிய எனக்கும்தான் என்றான். அன்றைக்குத்தான் எனக்கு இதில் ஏதோ இருக்கிறது என்று பட்டது.

அடுத்தது மொழி. ரன்தம்பே முகாமில் காலி, குருநாகல், கண்டிப் பிள்ளைகளோடு ஒரே வரிசையில் நிற்க வேண்டும், புழக்கத்தில் இருந்தது சிங்களம். முதல் மூன்று நாள் மகன் வாயே திறக்கவில்லையாம். நாலாம் நாள் தண்ணீர் போத்தலை மாறி எடுத்ததில் மாத்தறைப் பையன் ஒருவனோடு சண்டை வந்து, அந்தச் சண்டையில்தான் சிங்களம் வந்தது என்று சிரித்துக்கொண்டு சொன்னான். அந்தப் பையன் அடுத்த தைப்பொங்கலுக்கு எங்கள் வீட்டு முற்றத்தில் நின்று பால் பொங்குவதைப் பார்த்தான். பாடசாலையில் வருடக்கணக்காகப் படித்த இரண்டாம் மொழிப் பாடம் செய்யாததை இரண்டு கிழமை செய்தது.

இனி யாரும் முன்கூட்டிச் சொல்லாத செலவுகள். சப்பாத்து, இடுப்புப்பட்டி, தொப்பி, தையல்கூலி இவற்றைக் கேட்டால் சொல்வார்கள். ஹேர்மன் லூஸ் கிண்ணம் மாதிரிக் கடேற் போட்டிகளுக்குத் தயாராகும் மாதங்களில் பின்னேரம் முழுக்கப் போய்விடும், சனி ஞாயிறும் போகும் என்பதைச் சொல்ல மாட்டார்கள். அந்த மாதங்கள் சாதாரண தரப் பரீட்சைக்கு முன் வந்தால் வீட்டில் சமாதானம் இராது. வெயில் இன்னொன்று. ஓகஸ்டில் எங்கள் மைதானங்களில் மத்தியானம் நிற்பது விளையாட்டில்லை. ஒரு பாடசாலையில் மூத்த மாணவர்கள் தண்டனை என்று சொல்லிப் பன்னிரண்டு மணிக்குச் சின்னப் பிள்ளைகளை ஓடவிட்டதில் ஒரு பிள்ளை மயங்கி விழுந்ததை நானே பார்த்தேன், பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர்கூட இல்லை, பொறுப்பாசிரியரும் இல்லை. இது கடேற்றின் சட்டத்தில் உள்ளதல்ல, கவனிப்பில்லாததால் நடப்பது. ஆனால் கட்டளை கேட்டு நடக்கப் பழக்கும் இடத்தில் இப்படியானது சுலபமாக முளைக்கும், ஏனென்றால் அங்கே சின்னப் பிள்ளை "ஏன்?" என்று கேட்பது குறைவு.

அம்மம்மாவின் விடயத்துக்கு வருகிறேன். ஆயுதம் தாங்கியவர்கள் வீட்டுப் படலையில் நின்று பிள்ளையைக் கேட்ட காலம் இந்த மண்ணில் இருந்தது. சீருடை போட்டவர்கள் கூட்டிக்கொண்டு போய்த் திரும்பி வராத பிள்ளைகளின் படங்கள் இன்றும் எத்தனையோ வீடுகளின் சுவரில் தொங்குகின்றன. 2009-ல் யுத்தம் முடிந்தது, அம்மம்மாவுக்கு முடியவில்லை. அதைப் பழைய ஆட்களின் அறியாமை என்று ஒதுக்கிவிடக் கூடாது. அவருக்குத் தெரிந்ததைத்தான் அவர் சொல்கிறார். கடேற் வேறு, அது வேறு என்பதும் உண்மைதான். ஆனால் உடுப்பைத் தைத்துக் கொண்டுவந்து காட்டிவிட்டு விளங்கப்படுத்தப் போகாதீர்கள். முதலே கூட்டிக்கொண்டு போய், மைதானத்து ஓரத்தில் ஒரு கதிரை போட்டு இருத்தி, பயிற்சியைப் பார்க்க விடுங்கள். அதற்குப் பிறகும் அவருக்கு மனம் ஒப்பவில்லை என்றால், என் அபிப்பிராயத்தில், ஒரு வருடம் பொறுக்கலாம்.

கடேற் யாருக்குப் பொருந்தும்: உடம்பை வருத்தி வேலை செய்ய ஆசைப்படும் பிள்ளை, குரல் எழும்பாமல் கூச்சப்படும் பிள்ளை (கட்டளை கொடுத்துப் பழகியே குரல் வந்த பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன்), ஒழுங்கில்லாமல் அலைந்து தனக்கே அது பிடிக்காத பிள்ளை, பொலிஸ், முப்படை என்று தானாகவே யோசிக்கும் பிள்ளை. தகப்பனின் ஆசைக்காகச் சேர்ந்த பிள்ளை பெரும்பாலும் முதல் முகாமோடு நின்றுவிடும்.

## சாரணர்

பேடன் பவல் 1907-ல் பிரவுன்சீ தீவில் இருபது பையன்களோடு போட்ட முகாமிலிருந்து வந்தது இது. இலங்கைக்கு 1912-ல் மாத்தளையில் வந்தது. பெண் பிள்ளைகளுக்கு 1917-ல் கண்டியில் தொடங்கிய பெண் சாரணியம் இருக்கிறது.

சாரணியத்தின் உயிர் எது என்று கேட்டால் அணி முறை என்பேன். ஆறிலிருந்து எட்டுப் பிள்ளைகள் ஒரு அணி, அவர்களில் ஒருவரே அணித்தலைவர். அரிசி எவ்வளவு, விறகு யார், கூடாரம் எந்தப் பக்கம், மழை வந்தால் என்ன செய்வது, எல்லாம் அந்தப் பதின்மூன்று வயதுப் பிள்ளையின் முடிவு. ஆசிரியர் தள்ளி நிற்க வேண்டும், அதுதான் கஷ்டம். ஒரு முறை பாசிக்குடா முகாமில் ஒரு அணி பருப்பை அடுப்பில் வைத்துவிட்டுக் கடலுக்குப் போய்விட்டது. எனக்குத் தீயல் மணம் வந்தது, எழும்பப் போனேன், பக்கத்தில் இருந்த பழைய சாரணர் ஒருவர் கையைப் பிடித்து இருத்தினார். அன்று அந்த அணி வெறும் சோறும் சம்பலும் சாப்பிட்டது. அடுத்த நாள் அணித்தலைவன் தானாகவே முறை வைத்து ஆளைப் போட்டான். நான் எழும்பியிருந்தால் பருப்பு தப்பியிருக்கும், அவன் அந்த முறையைப் போட்டிருக்க மாட்டான்.

கையில் வரும் வேலையும் ஊருக்கு உதவும். 2011 ஜனவரி வெள்ளத்தில் வவுணதீவுப் பக்கம் என் பழைய மாணவன் ஒருவன் கன்றுக்குட்டியைத் தண்ணீருக்குள்ளால் இழுத்துக் கொண்டுவந்தான். கயிற்றைக் கழுத்தில் போட்டபோது அவன் கட்டியது போலைன் முடிச்சு. சாதாரணச் சுருக்குப் போட்டிருந்தால் இழுக்க இழுக்க இறுகிக் கன்று செத்திருக்கும். போலைனின் வளையம் எவ்வளவு இழுத்தாலும் இறுகாது. வகுப்பறை மேசைக் காலில் ஐம்பது தரம் கட்டி அலுத்துப்போன முடிச்சு அது.

குறை என்ன? சாரணர் குழு பொறுப்பாசிரியரின் தோளில் நிற்கிறது. அவருக்கு இடமாற்றம் வந்தால் குழு படுத்துவிடும். நான் மாறிப் போன ஒரு பாடசாலையில் எட்டு மாதத்தில் கூடாரங்களை எலி தின்றிருந்தது. ஜனாதிபதி சாரணர் விருதுக்குப் போகிற பிள்ளைக்கு இது பெரிய அடி, ஏனென்றால் அதற்குச் சின்னங்கள் ஒவ்வொன்றாக வருடக்கணக்கில் ஏறி வர வேண்டும், பதினெட்டு வயதுக்குள் முடிக்கவும் வேண்டும். கையெழுத்துப் போட ஆளில்லாமல் பதிவுப் புத்தகம் அரைவாசியில் நின்ற பிள்ளைகள் இருக்கிறார்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும், விருது ஆசையில் சில பெற்றோர் தாங்களே சின்னத்துக்கான வேலையைச் செய்து கொடுக்கிறார்கள். அப்படிச் செய்தால் பிள்ளைக்குக் கிடைப்பது துணித் துண்டு மட்டும்தான்.

செலவு கடேற்றை விட மெதுவாக வரும், ஆனால் வந்துகொண்டே இருக்கும்: முகாம் கட்டணம், பஸ், கயிறு, சின்னம். ஆறாம், ஏழாம் வகுப்பில் சேர்த்தால் முழுப் பயனும் கிடைக்கும். ஒன்பதில் சேர்ந்தாலும் பிழையில்லை, விருதை மறந்துவிட்டு முகாமுக்காகச் சேருங்கள்.

## முதலுதவிப் படையும் செஞ்சிலுவையும்

இதைப் பற்றி யாரும் கேட்பதில்லை, எனக்கு அது கவலை. 1934-35 மலேரியாக் கொள்ளைநோய்க்குப் பிறகு 1936-ல் உருவானது இலங்கைச் செஞ்சிலுவைச் சங்கம். சென் ஜோன்ஸ் அம்புலன்ஸ் அதற்கும் முந்தியது. வாவியும் கடலும் வயலும் சூழ்ந்த எங்கள் மாவட்டத்தில் நீரில் மூழ்குவதும் பாம்பு கடிப்பதும் பேப்பரில் வாசிக்கும் செய்தி இல்லை, பக்கத்து ஒழுங்கையில் நடப்பது.

மனைவியின் தம்பி மகள் வீட்டுக்கு வந்து தலையணையை நிலத்தில் போட்டு எங்களுக்குப் பழக்கினாள். நெஞ்சின் நடுவில் உள்ளங்கை, முழங்கை மடியக் கூடாது, முப்பது அமுக்கு, இரண்டு மூச்சு, நிமிடத்துக்கு நூறிலிருந்து நூற்றிருபது வேகம். ஒரு நிமிடத்தில் எனக்குத் தோள் வலித்தது. "மாமா, அம்புலன்ஸ் வரும் வரைக்கும் இப்படியே செய்யணும், ஆள் மாறி மாறி" என்றாள். 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைக்க ஒரு ஆளைப் பெயர் சொல்லி அனுப்ப வேண்டும், "யாராவது அழையுங்கள்" என்று கத்தினால் ஒருவரும் அழைக்க மாட்டார்கள் என்றும் சொன்னாள். பதினைந்து வயதில் ஒரு கூட்டத்தை எப்படி வேலை வாங்குவது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. தலைமைத்துவம் என்று பெயர் போடாமலே அது வந்திருக்கிறது. பாம்பு கடித்த இடத்தைக் கீறக் கூடாது, இறுக்கிக் கட்டக் கூடாது, அசைக்காமல் ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று கொக்கட்டிச்சோலையில் இருக்கும் தன் பெரியப்பாவோடு வாதாடி ஒப்புக்கொள்ளவும் வைத்தாள்.

செலவு குறைவு, வெயில் குறைவு, வீட்டில் யாரும் பயப்பட மாட்டார்கள். ஆனால் பல பாடசாலைகளில் இது விளையாட்டுப் போட்டி நாளில் பஞ்சும் டெற்றோலும் பிடித்துக்கொண்டு கூடாரத்தில் இருப்பதோடு முடிந்துவிடுகிறது. வருடத்தில் எத்தனை தரம் பயிற்சி, யார் வந்து பழக்குகிறார் என்று கேட்டுவிட்டுச் சேருங்கள். உயர்தரத்தில் உயிரியல் எடுக்கும் பிள்ளைக்கும், மைதானத்தில் நிற்க உடம்பு இடம் கொடுக்காத பிள்ளைக்கும் நான் இதைத்தான் முதலில் சொல்வேன்.

மாணவர் பாராளுமன்றமும் இருக்கிறது. வாக்குப் போட்டுத் தெரிவு செய்து, பிரதமர், சபாநாயகர், அமைச்சர் என்று வைத்து நடத்துவது. எழுந்து கேள்வி கேட்கப் பழகுவதற்கு அதைவிட நல்ல இடம் இல்லை, நேரமும் அதிகம் எடுக்காது. அதிபர் மனம் வைத்தால் மலசலகூடத்துக்குத் தண்ணீர் வராத பிரச்சினையைப் பிள்ளைகளே பேசித் தீர்ப்பார்கள், மனம் வைக்காவிட்டால் படம் எடுத்ததோடு சரி. மேலே சொன்ன மூன்றில் ஒன்றோடு இதையும் சேர்த்துச் செய்யலாம், குறிப்பாகக் கடேற்றில் இருக்கும் பிள்ளை.

## சேர்க்க முன் பாடசாலையில் கேட்க வேண்டியவை

பொறுப்பாசிரியர் யார், எத்தனை வருடமாகச் செய்கிறார், அவருக்கு அடுத்த ஆள் யார்? பெண் பிள்ளைகள் முகாமுக்குப் போகும்போது இரவில் கூட நிற்கும் மிஸ் யார்? தண்டனை கொடுக்க மூத்த மாணவருக்கு அனுமதி உண்டா? பயிற்சியில் தண்ணீர் இடைவேளை எப்போது? போன வருடம் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இன்னும் இருக்கிறார்கள்? கடைசிக் கேள்விக்குப் பொறுப்பாசிரியர் சொல்லும் பதிலை விட, விலகிப் போன ஒரு பிள்ளையிடம் கேட்டால் கூடத் தெரியும்.

கல்முனை, சாய்ந்தமருது, ஏறாவூர்ப் பக்கப் பெற்றோர் இன்னும் இரண்டு கேளுங்கள். முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பு மாதத்தில் விடுமுறை என்பதால் தவணை முறையே வேறு, முகாம் திகதி உங்கள் பாடசாலை நாளிலோ நோன்பிலோ விழுமா? பெண் பிள்ளையின் உடை விடயத்தில் என்ன ஏற்பாடு? இவற்றைக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஏறாவூர்த் தகப்பனுக்கு நான் சொன்னதும் இதைத்தான்.

தேர்ந்தெடுக்க முடியாமல் நிற்பவர்களுக்கு நான் சொல்லும் வழி: ஆறிலிருந்து எட்டு வரை சாரணர், அந்தக் குழு உங்கள் பாடசாலையில் உயிரோடு இருந்தால். ஒன்பதில் முதலுதவி. கடேற் என்றால் பிள்ளை தானாகக் கேட்க வேண்டும், அதுவும் பொறுப்பாசிரியர் மைதானத்தில் நிற்பவராக இருந்தால் மட்டும். நல்ல ஆசிரியர் இருக்கும் முதலுதவிப் படை, ஆளில்லாத கடேற்றை விடப் பத்து மடங்கு மேல்.

தங்கச்சி போன வெள்ளிக்கிழமை அம்மம்மாவைக் கூட்டிக்கொண்டு போனாள். பாதையில் குருமண்வெளிக்கு வந்து, அங்கிருந்து ஓட்டோவில். அம்மம்மா வேப்பமர நிழலில் ஒரு மணித்தியாலம் ஒன்றும் பேசாமல் இருந்தாராம். முடிந்ததும் பொறுப்பாக நிற்கும் மிஸ்ஸைக் கூப்பிட்டு, "இவள் ஒண்ணா, ஏலாது எண்டு சொன்னா விட்டுருவீங்களா?" என்று கேட்டிருக்கிறார். மிஸ் பக்கத்தில் குந்தியிருந்து, "அந்த நிமிசமே, அம்மம்மா" என்று சொன்னாராம். இன்னும் சரி என்று அவர் வாயால் வரவில்லை. நேற்று மட்டும், அந்தச் சப்பாத்து என்ன விலை என்று தங்கச்சியிடம் கேட்டிருக்கிறார்.